வேப்பிலைத் தண்ணீரும் அடங்காத கண்ணும்

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிப்பட்ட என்னை நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார வைத்தது, மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே இருந்த ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் என் கால் ஆடாது, வாய் பேசாது. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு இழுத்து ஒட்டுவதுதான் வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பத்திலிருந்து வந்தவளுக்கு ஏர்கான் அறை, வெள்ளைக் கோட்டு, தலைக்கு ஒரு தொப்பி. கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இருக்காதா பின்னே?

அந்த நாற்காலிக்குக் கேட்ட ஒரே தகுதி கண். ஃபேக்டரி நர்ஸ் சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கச் சொல்வார். பிறகு அடுத்த கண். இரண்டு கண்ணாலும் பொடி எழுத்து வரைக்கும் தனித்தனியாகப் படித்தாக வேண்டும். தடுமாறினால் மறுநாளே பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். பேக்கிங் என்றால் நின்றுகொண்டு அட்டைப்பெட்டி மடிப்பது. என்னோடு சேர்ந்த ஒரு தோழி அப்படிப் போனவள்தான், கேண்டீனில் எங்களைப் பார்த்தால் வேறு மேசைக்குப் போய்விடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டதும் மேலுதட்டில் கொத்தாகக் கொப்புளம். அது காயும் முன்பே வலது கண் சிவந்தது. மணல் விழுந்த மாதிரி உறுத்தல். கசக்கினேன், கழுவினேன், வேலைக்கும் போனேன். மைக்ராஸ்கோப் விளக்கைப் போட்டதும் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வடிந்து, மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியெல்லாம் ஈரம். எங்கள் சூப்பர்வைசர் அக்கா ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்.

“அலாமாக், சக்கிட் மாத்தாவோட இதுல கண்ண வெச்சியா? லைன் முழுக்க ஒட்டிக்கும்லா! போ, டாக்டர்கிட்ட எம்.சி. லீவு எடுத்துட்டு வீட்டுக்குப் போ. கண்ணு நல்லா ஆனப்புறம் வா.”

சக்கிட் மாத்தா என்றால் சாதாரணக் கண்வலி. ஒரு வாரத்தில் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஃபேக்டரி அனுப்பிய கிளினிக்கில் பார்த்தவர், “இது அது இல்ல” என்று சொல்லி டவுனில் இருந்த கண் டாக்டரிடம் அனுப்பினார்.

கண் டாக்டர் நம் ஆள்தான். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வட்டிக்கடை வைக்க வந்த குடும்பம். இவர் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். சின்ன வயது, மெதுவான பேச்சு. ஆரஞ்சு நிறக் காகிதக் கீற்றை என் கண்ணின் ஓரத்தில் தொட்டு எடுத்தார். அறை விளக்கை அணைத்துவிட்டு நீல விளக்கைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார். எழுதும் தாளின் மூலையில், தான் பார்த்ததை எனக்குப் படமாகப் போட்டுக் காட்டினார். ஒரு கோடு, அதிலிருந்து இரண்டு கோடு, அவற்றிலிருந்து இன்னும் சிறு கோடுகள். இலை உதிர்ந்த பால்மரம் மாதிரி இருந்தது.

“உதட்டுல கொப்பளம் வந்துச்சே, அதே வைரஸ்தான் கண்ணுல புண்ணு போட்டிருக்கு. கறுப்பு விழிக்கு மேல, சரியா நடுவுக்குப் பக்கத்துல. ஆழமாப் போச்சுன்னா தழும்பு விழுந்துடும். தழும்பு விழுந்தா பார்வை மறைக்கும். மணிக்கு ஒரு சொட்டு விடணும், ஒரு தடவைகூடத் தப்பக்கூடாது.”

நான் கேட்டது ஒரே கேள்வி. “மைக்ராஸ்கோப் பாக்கலாமா டாக்டர்?”

“மொதல்ல கண்ணு இருக்கட்டும்” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் லாரி ஓட்டுபவர். லூமுட்டுக்கும் ஆயர் தாவாருக்கும் போய்க்கொண்டே இருப்பார், வாரத்தில் பாதி நாள் வீடு தங்க மாட்டார். வீட்டில் நானும் அண்ணியும்தான். அண்ணியும் தோட்டத்தில் வளர்ந்தவர். என் உதட்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கை நிறைய வேப்பிலை.

“ஆத்தா வந்திருக்கா பாப்பா. முத்து போட்டிருக்கா.”

“அண்ணி, இது வைரஸாம். டாக்டர் சொன்னாரு.”

“அவரு அவரு பாஷையில சொல்றாரு. நீ வாய மூடிக்கிட்டு உள்ள போய்ப் படு.”

வாசல் நிலையில் வேப்பிலை ஏறியது. அன்றைக்கே அடுப்பில் தாளிப்பு நின்றது. மீன் இல்லை, கோழி இல்லை. வந்தவர்களை வாசலோடு அனுப்பினார். நானோ வாய்க்கு ருசி இல்லாவிட்டால் வீட்டைத் தலைகீழாக்குபவள். கடுகு இல்லாத ரசத்தை மூன்று வேளையும் குடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அண்ணி டாக்டர் மருந்தைத் தடுக்கவே இல்லை. ரேடியோவில் மணி அடித்ததும் அவர்தான் முதலில் குரல் கொடுப்பார், “பாப்பா, மருந்து!” நான் தலையைச் சாய்த்துச் சொட்டு விடுவேன். விட்ட கையோடு அவர் ஒரு மங்குக் கிண்ணத்தில் வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரோடு வந்து நிற்பார். இங்கிலீஷ் மருந்து சூடு, சூடு பட்டால் ஆத்தாளுக்குக் கோபம் வரும், உடனே குளிர வைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சுத்தமான வெள்ளைத் துணியை நனைத்து என் கண்ணுக்கு மேல் பிழிவார். சில்லென்று இருக்கும். நாள் முழுக்க எனக்கு நிம்மதியாக இருந்தது அந்த அரை நிமிடம்தான், அதனால் நானும் கண்ணைத் திறந்து காட்டினேன்.

அவர் தோட்டத்தில் சின்ன வயதில் அம்மை வந்து ஒரு பெண்ணுக்குக் கண் போயிருக்கிறது. அந்த வீட்டில் விரதம் சரியாக இருக்கவில்லை என்பார் அண்ணி. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். அவருக்கு என் கண்மேல் பயம். எனக்கு என் நாற்காலிமேல் பயம்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஜன்னலில் சாக்கு கட்டி இருட்டாக்கிய அறை. படிக்கக் கூடாது, தைக்கக் கூடாது, வெயிலில் தலை நீட்டக் கூடாது. சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தேன். தலையணை உறையின் தையலைப் பிரித்தேன். அண்ணியிடம் அரிசியை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கல் பொறுக்கினேன், அதிலும் பாதிக் கல்லை விட்டுவிட்டேன் என்று திட்டு. காலையில் ஃபேக்டரி பஸ் எங்கள் முச்சந்தியில் ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் செருப்பைத் தேடிக் கால் தானாகப் போகும். என் நாற்காலியில் இப்போது எவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தால் சோறு இறங்காது.

அடுத்த முறை போனபோது டாக்டர் நீல விளக்கில் நீண்ட நேரம் பார்த்தார். கிளை குறையவில்லை.

“மருந்து ஒழுங்கா விடுறீங்களா?”

“விடுறேன் டாக்டர்.”

“மணிக்கு ஒரு தடவை?”

“மணி அடிச்சா விடுறேன்.”

“வேற மருந்து ஏதாச்சும் போடுறீங்களா? சீனக் கடை மருந்து, நாட்டு மருந்து, யாராச்சும் குடுத்த களிம்பு?”

“ஒண்ணும் இல்ல.”

அது சத்தியமான பதில். வேப்பிலைத் தண்ணீரை மருந்து என்று என் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கோயிலில் கொடுக்கும் தீர்த்தத்தை மருந்து என்று யாராவது சொல்வார்களா? அதற்கு அடுத்த முறையும் இதே கேள்வி, இதே பதில். இந்தத் தடவை அவர் என்னை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாள் பூரா மணி பார்த்துச் சாகிறவளைப் பார்த்துப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து கதவை அடித்துச் சாத்தினேன். அண்ணி, “அடுத்த தடவ நானும் வாரேன். என்னதான் சொல்றாருன்னு பாப்போம்” என்றார்.

வந்தார். வேலை வெட்டியை விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பை. கிளினிக்கில் கூட்டம். காத்திருந்தபோதே மணி ஆகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே நான் சொட்டு விட்டேன். அண்ணி பையிலிருந்து ஆரஞ்சு கிரஷ் போத்தல் ஒன்றை எடுத்தார். உள்ளே வேப்பிலைத் தண்ணீர். பஸ்ஸில் குலுங்கிச் சிந்தாமல் அதை மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். துணியை நனைத்து என் தலையைப் பின்னால் சாய்த்துப் பிழிந்துகொண்டிருந்தபோது, அடுத்த ஆளைக் கூப்பிட டாக்டரே கதவைத் திறந்தார்.

அவர் அப்படியே நின்றார்.

“அது என்ன?”

“வேப்பிலத் தண்ணி டாக்டர்” என்றார் அண்ணி, பெருமையாக. “ஒவ்வொரு தடவையும் மருந்து விட்டதும் கழுவிடுறேன். ஒரு வேள கூடத் தப்பல.”

மெதுவாகப் பேசுகிறவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “மருந்தக் கழுவிக் கழுவிக் கீழ விட்டிருக்கீங்க! கண்ணுல அது நின்னாதானே வேல செய்யும்? அந்தப் பொண்ணு கண்ணு போச்சுன்னா யாரு பொறுப்பு?”

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி போத்தலை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு மூன்று தடவை திருகினார். எனக்கு வந்ததே கோபம், டாக்டர் என்றும் பார்க்கவில்லை.

“நீங்க மருந்து போடுறியான்னுதான் கேட்டீங்க. இது மருந்தில்ல. வேப்பில கட்டிக் கழுவுறாங்களான்னு கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். நீங்களும் நம்ம ஆளுதானே, கேக்கத் தெரியாதா?”

அவர் முகம் சிவந்தது. “உள்ள வாங்க” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி நிலையிலிருந்து வேப்பிலையை அவிழ்த்தார். சாயங்காலம் அடுப்படியில் கடுகு வெடித்தது. எத்தனை நாள் ஏங்கிய வாசனை! ஆனால் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அவர் நிற்காமல் போனார். மணி அடித்தாலும் குரல் வரவில்லை. மருந்தை நானே ஞாபகம் வைத்து நானே விட்டுக்கொண்டேன். ஒரு சொட்டு வீணாகாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். இனிமேல் ஆறிவிடும், கழுவினதுதானே கோளாறு, அதுதான் நின்றுவிட்டதே என்று நாளுக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டேன்.

ஆறவில்லை. முன்னைவிட மோசமானது. காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஜன்னல் சாக்கின் ஓட்டைகள் கூடப் புகையாகத்தான் தெரிந்தன. இடது கண்ணை மூடிக்கொண்டு என் கை விரலை எண்ணிப் பார்ப்பேன். ஒரு நாள் விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. பயத்தில் அழுதேன், அழுததில் கண் இன்னும் எரிந்தது.

டாக்டர் நீல விளக்கில் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரைபடம் மாதிரி பரவிவிட்டன என்றார்.

“இப்ப கழுவலதானே?”

“ஒரு துளி தண்ணி படல.”

இந்தத் தடவை அவர் நம்பினார். பிறகு சொன்னார், “அப்ப இது இந்த மருந்துக்கு அடங்காத வைரஸ். சில பேருக்கு அப்படி இருக்கும். எவ்வளவு ஊத்தினாலும் அது பாட்டுக்கு வளரும். இனிமே இத ஊத்திப் பிரயோசனம் இல்ல. புண்ணுல இருக்கிற தோல வழிச்சு எடுக்கணும். அப்புறம் புதுசா ஒரு களிம்பு வந்திருக்கு. இங்க கிடைக்காது, கோலாலம்பூர்ல சொல்லி வாங்கித் தாரேன். அதுக்கும் அடங்கலன்னா…”

அவர் முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. என் வாயில் வேறொன்று வந்தது.

“அப்ப எங்க அண்ணி கழுவினதுனால இல்லதானே?”

“அவங்க கழுவினது தப்புதான். ஆனா அவங்க நிறுத்தினப்புறம்தானே இவ்வளவு பரவிச்சு. காரணம் அவங்க இல்ல.”

“அத என்கிட்ட ஏன் சொல்றீங்க? எல்லாரும் பாக்க அவங்களத் திட்டினீங்க. அவங்ககிட்ட சொல்லுங்க. சொன்னாதான் கண்ணக் காட்டுவேன்.”

என்ன திமிர் பாருங்கள், போகப்போவது என் கண். ஆனால் அண்ணி முகம் கொடுக்காத அந்த வீட்டில் கடுகு வெடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் இன்னும் ஒரு நாள்கூட இருந்திருக்க முடியாது.

களிம்பு வந்த அன்று அண்ணியை அழைத்துவர நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. “நான் எதுக்கு? நான் வந்தா அவருக்குப் பிடிக்காது” என்று பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணன் லாரியிலேயே எங்கள் இருவரையும் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். டாக்டர் அண்ணிக்கு நாற்காலி போட்டார். எழுந்து நின்றுகொண்டு பேசினார்.

“அக்கா, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இது உங்களால வரல. மருந்து கேக்காத வைரஸ் இது. நீங்க கழுவுறத நிறுத்தினப்புறம்தான் ரொம்பப் பரவியிருக்கு.”

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப நான் கழுவினப்ப அடங்கி இருந்துச்சுங்களா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? அவர் வாயாலேயே மாட்டிக்கொண்டார். கடைசியில், “அக்கா, கண்ணுக்குள்ள மட்டும் எதுவும் ஊத்தாதீங்க. வாசல்ல எவ்வளவு வேணும்னாலும் கட்டிக்குங்க. எங்க வீட்லயும் கட்டுவாங்க” என்றார்.

“கட்டலாமா?” என்று கேட்டார் அண்ணி.

“தாராளமா.”

மரத்துப்போகும் சொட்டு விட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் அவர் என் கண்ணின் மேல்தோலை வழித்து எடுத்தார். வலி இல்லை, ஆனால் குச்சி வருவதும் போவதும் தெரிந்தது. அசையக் கூடாது என்றார். அசையாமல் இருப்பதுதான் என் வாழ்க்கையிலேயே எனக்கு வராத காரியம். என் இரண்டு காலையும் அண்ணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டு நிலையில் வேப்பிலை திரும்ப ஏறியது. அடுப்பில் தாளிப்பு நின்றது. “பாப்பா, களிம்பு!” என்று குரல் வந்தது. கடுகில்லாத ரசத்தை நான் வாய் பேசாமல் குடித்தேன், இரண்டாம் தடவை கேட்டும் வாங்கிக் குடித்தேன். இந்தக் களிம்புக்கு அது அடங்கத் தொடங்கியது. முதலில் எரிச்சல் நின்றது. பிறகு காலையில் இமை ஒட்டவில்லை. ஒரு நாள் சாக்கை விலக்கி வெளியே பார்த்தேன், வெளிச்சம் குத்தவில்லை.

கடைசியாகப் போன அன்று நீல விளக்கில் கிளை ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். தழும்பு மட்டும் இருக்கிறது, எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்க வேண்டும். என் இடது கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டு எழுத்து அட்டைப் பக்கம் கையைக் காட்டினார். முதல் வரி படித்தேன். இரண்டாவது படித்தேன். மூன்றாவது வரியில் தடுமாறி ஊகித்துச் சொன்னேன். அதற்குக் கீழே வெறும் சாம்பல் கோடுகள். கண்ணை இடுக்கினேன், தலையைச் சாய்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. என் நாற்காலி போய்விட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. பேக்கிங், அட்டைப்பெட்டி, கேண்டீனில் வேறு மேசை.

“போதும். அந்த எழுத்த விடுங்க” என்றார் டாக்டர். “கதவுப் பக்கம் பாருங்க. என்ன தெரியுது?”

இடது கண்ணைப் பொத்தியபடியே திரும்பினேன். கதவை ஒட்டி அண்ணி நின்றிருந்தார். சேலை பச்சை என்று தெரிந்தது. முந்தானை நுனி வாயில் இருந்தது தெரிந்தது. கன்னம் ஈரமாகப் பளபளத்தது தெரிந்தது.

“எங்க அண்ணி அழுவுறாங்க” என்றேன்.

டாக்டரும் திரும்பிப் பார்த்தார். அண்ணி சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“யாரு அழுதா? பொய் சொல்றா டாக்டர். அவளுக்குக் கண்ணு இன்னும் சரியாகல.”